ரோடினால் தந்தவருக்கு

அன்புள்ள மொம்மே ஆண்ட்ரேசன் ஐயா,

1891இல் பெர்லினில் அக்ஃபா நிறுவனத்துக்காக நீங்கள் கண்டுபிடித்த ரோடினால் டெவலப்பரில்தான் இன்றும் என் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவுகிறேன். பாரா அமினோஃபீனாலை அடர்த்தியான திரவமாக்கிக் குப்பியில் அடைத்தீர்கள். எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்பதை எங்களிடமே விட்டுவிட்டீர்கள். முதல் நன்றி அதற்குத்தான்.

தண்ணீர் கூடினால் வேலை மெதுவாகும் என்பது மட்டுமல்ல. ஃபிலிம் கழுவும் டாங்கை அடிக்கடி கவிழ்க்காமல் விட்டால், வானம், வெள்ளைச் சுவர் போன்ற இடங்களில் நீர்த்த மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகிறது. நிழலில் செலவு குறைவு, அங்கே வேலை தொடர்கிறது. உச்சி வெயிலில் எடுத்த படத்திலும் வேட்டியின் மடிப்பு தெரிகிறது, திண்ணை இருட்டில் இருப்பவர் முகமும் தெரிகிறது.

கோடாக்கின் டி-76 டெவலப்பரில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் உண்டு. அது வெள்ளி மணிகளின் ஓரத்தைக் கரைத்து மென்மையாக்கும். சம பங்கு தண்ணீர் கலந்தால் சல்ஃபைட் பாதியாகிக் கூர்மை ஏறும். உங்கள் மருந்தைக் கலக்கிய பிறகு அதில் சல்ஃபைட் பெயருக்குத்தான். கிரெயினும் தெரியும், கூர்மையும் தெரியும். கிரெயின் பிடிக்காதவர்கள் டி-76 பக்கம் போகட்டும். வெளிச்சம் போதாமல் ஃபிலிமை ஐஎஸ்ஓ 1600க்குத் தள்ளும் நாளில் நானும் அங்கேதான் போவேன்.

எங்கள் ஊர் வெக்கைக்கும் நீங்கள் வழி வைத்திருக்கிறீர்கள். இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் 1:25 கலவை என்றால் 6 நிமிடம், 1:50 என்றால் 11 நிமிடம். குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வந்தால் இந்த நேரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். மூன்று நிமிடத்தில் ஊற்றி இறக்கினால் நெகட்டிவ் திட்டுத் திட்டாகும் அபாயம் உண்டு. ஐந்தரை நிமிடம் என்றால் கை பதறாது. அதனால் கோடையில் கண்ணை மூடிக்கொண்டு 1:50தான்.

1:100இல் கலந்து ஒரு மணி நேரம் அசையாமல் வைப்பதைச் சிலர் விரதம்போலக் கடைப்பிடிக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, 35 மி.மீ. ஃபிலிமில் ஓரத் துளைகளிலிருந்து கோடு இறங்கிவிடுகிறது. பாதி நேரத்தில் ஒருமுறை மெல்லக் கவிழ்ப்பது நல்லது. 300 மில்லி டாங்கில் 1:100 என்றால் மருந்து 3 மில்லிகூட இராது. ஒரு சுருளுக்கு அது போதாது. குறைந்தது 5 மில்லியாவது வேண்டும், அதற்குப் பெரிய டாங்க் வேண்டும்.

குப்பி திறந்து மாதக்கணக்கில் ஆகி, மருந்து அரிஷ்டம்போலக் கறுத்துவிட்டாலும் வேலை செய்கிறது. எப்போதாவது ஒரு சுருள் எடுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கலக்கியதை ஒருமுறையோடு கொட்டிவிடலாம். அடுத்த சுருளுக்குப் புது மருந்து.

2005இல் அக்ஃபாஃபோட்டோ திவாலானது. உங்கள் காப்புரிமை எப்போதோ காலாவதியாகியிருந்ததால் மருந்து மறையவில்லை. ஜெர்மனியிலேயே அடாக்ஸ் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. 500 மில்லி குப்பி ஒன்று வாங்கினால், சுருளுக்கு 10 மில்லி வீதம் 50 சுருள் கழுவலாம்.


இன்னும் ஃபிலிமில் படமெடுக்கும் ஒருவன்