இடம் பெயர்ந்த வீடு

மயிலாப்பூர் மாடவீதிகளில் உலாவுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. நேற்று வரையில் திண்ணையும் முற்றமுமாக நின்ற ஓட்டு வீடு இன்று செங்கற் குவியலாகக் கிடக்கும். தேக்குத் தூண்கள் பழஞ்சாமான் கடைக்குப் பிரயாணமாகும். இந்தத் துக்கத்தோடு இலங்கைக்குப் போன எனக்கு, பெந்தோட்டைக்கருகே லுனுகங்க என்னும் தோட்டத்தில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கொழும்பிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து மறுபடி எழுப்பிய முழு வீடு!

வீட்டுக்குரியவர் ஸ்ரீமதி ஈனா த சில்வா. 'பத்திக்' என்னும் மெழுகுச் சாயக் கலைக்கு அந்நாட்டில் புத்துயிர் அளித்த அம்மையார். புது மோஸ்தரில் வீடு வேண்டும், ஆனால் பழைய முற்றமும் தாழ்வாரமும் போகக் கூடாது என்பது அவர் விருப்பம். மகனுக்கு ஒரு சித்திரக் கூடமும் வேண்டும். ஜெப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் 1960-62-ல் அவ்வாறே கட்டித் தந்தார். (1970-களில் மதுரையில் ஒரு கிளப்புக் கட்டடம் அமைத்தவரும் இவரேதான்.) அந்நியச் செலாவணி நெருக்கடியால் வெளிநாட்டுச் சாமான்கள் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. உள்ளூர் ஓடு, உள்ளூர் மரம், உள்ளூர்க் கருங்கல் இவைகளைக் கொண்டே வீடு எழுந்தது. நம்மவர் சுதேசியம் என்று மேடையில் பேசியதை அவர் சுவரில் செய்து காட்டிவிட்டார்!

2009-ல் கொள்ளுப்பிட்டி மனை கைமாறிற்று. பாவாவின் பெயரால் இயங்கும் அறநிலையத்தார் வீட்டை அளந்து, படம் வரைந்து, தூணுக்கும் கல்லுக்கும் எண் இட்டுப் பிரித்தெடுத்தார்கள். புது வீடு கட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். இது முடிய வருஷங்கள் ஆயின. 2016-ல் திறந்தபோது அம்மையார் இல்லை; முந்திய வருஷமே காலமாகிவிட்டார்.

கொழும்புத் தெருவைப் பெயர்த்துவர மட்டும் யாராலும் முடியவில்லை. நகரத்துச் சந்தடிக்கு முதுகைக் காட்டி, முற்றத்தை நோக்கியே திறந்த வீடு அது. இப்போது அந்த உயர்ந்த மதில் மரங்களுக்கும் குயில்களுக்கும் முதுகைக் காட்டி நிற்கிறது. எனக்கு அது சற்று வேடிக்கையாகத்தான் தோன்றியது. ஆனால் முற்றத்தில் இறங்கியதும் அந்த நினைவு மறைந்தது. மேலே சதுரமாக வானம், கீழே குளிர்ந்த கல்.

கூட வந்த மயிலாப்பூர் நண்பர் தூணொன்றைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். அவருடைய பாட்டனார் வீட்டை இடித்தபோது எட்டுத் தூண்கள் போயினவாம். எண் போட யாருக்கும் தோன்றவில்லை. அடிக்கல் ஒன்று மாத்திரம் எப்படியோ தங்கிற்று. மூன்றாம் மாடி பால்கனியில், துளசித் தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்றார்.