தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே நமத்துப்போன வால்நட்சத்திரம்

ஆலங்குளத்துக்காரர்களுக்குப் பட்டாசைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே சிவகாசி. எது வெடிக்கும், எது புஸ் ஆகும் என்று திரியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வால்நட்சத்திரத்திடம் அந்தக் கணக்கு செல்லாது.

2024 செப்டம்பர் 27-ல் கண்டுபிடிக்கப்பட்ட ‘அட்லஸ் சி/2024 எஸ்1’, தீபாவளி சமயத்தில் வெறும் கண்ணுக்கே தெரியலாம் என்று பேச்சு கிளம்பியது. தீபாவளி அக்டோபர் 31. அதுவோ 28-ம் தேதியே சூரியனை நெருங்கிச் சிதறிப்போனது.

வால்நட்சத்திரம், பெயரில் மட்டும்தான் நட்சத்திரம். உண்மையில் அது தூசியும் பனிக்கட்டியும் சேர்ந்த, அவ்வளவாக இறுகாத உருண்டை. சூரியனை நெருங்கினால் பனி ஆவியாகித் தூசியையும் வாரிக்கொண்டு கிளம்பும். அந்தத் தூசியில் வெயில் படுவதுதான் முக்கால்வாசிப் பளபளப்பு. மேல்பனி தீர்ந்தால் மங்கிவிடும். உள்ளே கிடந்த பனி திடீரென வெளிப்பட்டால்? 2007 அக்டோபரில் ‘ஹோம்ஸ்’ இரண்டே நாளில் சுமார் 5 லட்சம் மடங்கு பிரகாசமானது! ஆவி ஒரு பக்கமாகப் பீறிட்டால் சுழலும் வேகம் கூடி, உருண்டையே பிளந்துபோவதும் உண்டு. அதனால் திடீர் வெளிச்சம் நல்ல சேதியா, கெட்ட சேதியா என்று அந்த நேரத்தில் சொல்ல முடியாது.

இந்தக் கண்ணாமூச்சியில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு. ‘பீலா’ என்ற வால்நட்சத்திரம் 1846-ல் இரண்டானது. இன்று ஒன்று பிரகாசம், நாளை மற்றொன்று என இரண்டும் போட்டி போட்டன. 1852-ல் ஜோடியாக வந்தன. அதோடு சரி. 1872 நவம்பர் 27 இரவு, பீலாவின் பாதையிலிருந்து எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின.

ஜெர்மனியில் இருந்த கிளிங்கர்ஃபியூஸுக்கு, பீலா பூமியை உரசிக்கொண்டு தென்வானத்துப் பக்கம் போயிருக்கும் என்று தோன்றியது. அவர் ஊரிலிருந்து அந்த வானம் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் அப்சர்வேட்டரியை நடத்திவந்த நார்மன் போக்சனுக்குத் தந்தி அடித்தார். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் கணக்கை (5 படிக்கு 100 மடங்கு) 1856-ல் வகுத்தவர் இதே போக்சன்தான்.

சென்னையில் அப்போது மழைக்காலம். மேகம் விலகிய இரண்டு விடியற்காலைகளில் ஒரு வால்நட்சத்திரம் அவர் கண்ணில் சிக்கியது. ஆனால், பீலாவின் கணக்கோடு அது பொருந்தவில்லை. பாதையை உறுதியாக வரைய மூன்று நாள் பார்வையாவது வேண்டும். மூன்றாவது விடியலை மேகம் தரவே இல்லை.