ஒரு நிமிடம்

காலை பத்து மணி. கோலார் தங்க வயல், சாம்பியன் ரீஃப். தூரத்தில் சுரங்கக் கழிவின் சயனைடு மேடு, சாம்பல் நிறத்தில். அதன் உடம்பெல்லாம் மழை அரித்த கோடுகள். சங்கு ஊதுவதில்லை. 2001 பிப்ரவரியோடு சுரங்கம் மூடியாகிவிட்டது.

லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு கூடம். வாசலில் ஏழு நாற்காலிகள். ஆறில் பெண்கள். ஏழாவதில் ஒரு கூடை கீரை.

மூன்றாவது நாற்காலியில் இருப்பவளுக்கு ஐம்பது வயதிருக்கும். மடியில் பழுப்புநிறப் பெரிய உறை. ஆஷா ஊழியர் வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். எக்ஸ்ரே. ஓர் ஆணின் நெஞ்சு. சுரங்கத் தூசி படிந்த நுரையீரல்.

"இது வீட்டுக்காரர்துக்கா. உன்னோட சீட்டு?"

"என் பேர்ல எதுவும் இல்லம்மா."

சுவரில் ஒரு படம். எழுத்து கன்னடம். கர்ப்பப்பை, தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய் போல. அதன் வாய்ப்பகுதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே இரண்டு எண்கள்: 16, 18. ஆஷா ஊழியரின் விரல் எண்களின் மேல் நிற்கிறது. பேச்சு தமிழில்.

"இந்த எச்.பி.வி. வைரஸ்ல இருநூறு வகை இருக்குது. முக்காவாசி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இந்த ரெண்டும்தான் ரொம்பப் பொல்லாதது. நூறு பேருக்கு கர்ப்பப்பை வாயில புத்துநோய் வந்தா எழுபது பேருக்கு இதுங்களாலதான்."

"எப்பிடி ஒட்டுது?"

"குடும்பம் நடத்துற யாருக்கும் ஒட்டும். யார் மேலயும் தப்பு இல்ல."

ஆறு பேரும் தரையைப் பார்க்கிறார்கள். ஒருத்தி முந்தானை நுனியை முறுக்குகிறாள். அவிழ்க்கிறாள். மறுபடி முறுக்குகிறாள்.

கீரைக்காரி மட்டும் கேட்கிறாள். "எனக்கு ஒண்ணும் இல்லியே. இன்னாத்துக்குப் பாக்கணும்?"

"ஒண்ணும் இல்லாதப்பதான்க்கா பாக்கணும். ஒட்டினது புத்தா மாற பத்து, பதினஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ள புடிச்சிடலாம்."

உள்ளே ஒரு கட்டில். பச்சைத் திரை. தட்டில் ஸ்பெகுலம், பஞ்சு, டார்ச். சிறு புட்டியில் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலம். மூடியைத் திறந்ததும் ஃப்ரைட் ரைஸ் வண்டியின் வினிகர் வாசனை.

நர்ஸ் பஞ்சை நனைத்து உள்ளே ஒற்றுகிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கட்டிலில் இருப்பவள் கூரையைப் பார்க்கிறாள். கொலுசு அசையவில்லை. ஒரு நிமிடம். டார்ச் எரிகிறது. இளஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. "நல்லா இருக்குதும்மா. அஞ்சு வருஷம் கழிச்சு வா."

2000த்தில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலும் இதே பஞ்சு, இதே அமிலம், இதே ஒரு நிமிடம். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வருகிறது. சோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு.

பதினொன்றரை. எக்ஸ்ரே உறை நாற்காலியில் கிடக்கிறது. அதற்குரியவள் கட்டிலில். நர்ஸ் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோகிறார். வெள்ளையாக ஒரு திட்டு, அரிசி அளவு.

"இது புத்துன்னு அர்த்தம் இல்லம்மா. புத்தா மாறாம இருக்கப் பாக்கணும். பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். எப்ப போவ?"

"தினம் அந்த ஊருக்குத்தாம்மா வேலைக்குப் போறேன். விடியக்காலை மாரிக்குப்பம் ரயில்ல."

நர்ஸ் பெயரைக் கேட்டு எழுதுகிறார். அவள் சீட்டை வாங்கி, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பழுப்பு உறைக்குள் வைக்கிறாள். யோசித்து வெளியே எடுக்கிறாள். ரயில் பாஸ் இருக்கும் பர்சுக்குள் மடித்து வைக்கிறாள்.

வாசலில் கீரைக்காரி செருப்பை மாட்டுகிறாள். எதிர் லைனில், கதவைப் பாதி திறந்து ஒருத்தி நிற்கிறாள். கீரைக்காரி கூப்பிடவில்லை. ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறாள். ஒரு நிமிடம்.

கதவு முழுதாகத் திறக்கிறது.