கடைசி யார்?

நான் மாஸ்கோவில் படித்த காலத்தில் ரொட்டிக் கடையின் பெயர் ‘ரொட்டி’. பால் கடையின் பெயர் ‘பால்’. இறைச்சி, மீன், காய்கனி எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பலகையில் முதலாளி பெயர் இருக்காது, சாமி பெயர் இருக்காது. ரஷ்ய எழுத்துகளை நான் எழுத்துக்கூட்டக் கற்றது வகுப்பறையில் பாதி, இந்தப் பலகைகளில் பாதி. ரொட்டிக் கடையின் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு முட்கரண்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ரொட்டி புதுசா, நேற்றையதா என்று அதால் அழுத்திப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு ரொட்டி, வெள்ளை ரொட்டி, அதில் இரண்டு மூன்று தினுசு. அவ்வளவுதான். இன்று அந்தக் கரண்டியை நினைத்தால் கம்பு மாவின் புளித்த வாசம் சேர்ந்தே வருகிறது.

1985-ல் மதுரையிலிருந்து போனேன். 1960-ல் தொடங்கி, மறு வருடம் பாட்ரிஸ் லுமும்பா பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று உலகத்தின் பாதி அங்கே ஒரே சமையலறையில் நின்று சமைத்தது. முதல் வருடம் முழுக்க மொழி, அப்புறம்தான் பொறியியல்.

அந்த நாட்டில் பொருளின் விலை பொருளின் மேலேயே அச்சாகியிருக்கும். அலுமினியக் கரண்டியின் பின்புறத்தில், பிளாஸ்டிக் பொம்மையின் அடியில், இத்தனை கோப்பெக் என்று வார்ப்பிலேயே இருக்கும். விலை மாறும் என்ற நினைப்பே அச்சு செய்தவருக்கு இருந்திருக்காது. மெட்ரோ ரயிலுக்கு ஐந்து கோப்பெக். 1961-லிருந்து அதுதான் கட்டணம், நான் ஊர் திரும்பிய வருடம்தான் ஏற்றினார்கள். தெருமுனை சோடா இயந்திரத்தில் மூன்று கோப்பெக் போட்டால் இனிப்புச் சாறு கலந்து வரும், ஒரு கோப்பெக் போட்டால் வெறும் சோடா. கனத்த கண்ணாடி டம்ளர் ஒன்று அங்கேயே இருக்கும். அதைக் கவிழ்த்து அழுத்தினால் கீழிருந்து தண்ணீர் பீறிட்டுக் கழுவும், பிறகு நிமிர்த்தி வைத்துப் பிடித்துக் குடிக்க வேண்டும். ஊரே அந்த ஒரு டம்ளரில் குடித்தது.

கடைகளில் வாங்கும் முறை வேறு. முதலில் பொருள் இருக்கும் மேடையில் நின்று விலை கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்துக் காசாளர் முன் வரிசை. அவர் மரச்சட்டத்தில் கம்பி கோத்த மணிகளை விரல் நுனியால் தள்ளித் தள்ளிக் கணக்குப் போடுவார். அந்த டக் டக் ஓசை கடை முழுக்கக் கேட்கும். பணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு மறுபடி பொருள் மேடை வரிசை. பாலாடைக்கட்டி ஒரு துண்டு வாங்க மூன்று முறை நிற்க வேண்டும்.

வரிசையில் சேருகிறவர் முதலில் கேட்பது ‘கடைசி யார்?’ என்றுதான். ஒருவர் கை தூக்குவார். அவர் முகத்தையும் தொப்பியையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ‘நான் உங்களுக்குப் பின்னால்’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடை வரிசையிலும் போய் இடம் பிடிக்கலாம். திரும்பி வரும்போது அந்த இடம் இருக்கும். வரிசை நமக்குப் புதிதில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் டின்னை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன பையன்தான் நானும். ஆனால் எங்கள் பேராசிரியரும், விடுதியைப் பெருக்கும் அம்மாவும், நானும் ஒரே ஆரஞ்சுப் பழத்துக்கு முன்பின்னாக நின்றது அங்கேதான். கட்சி மேலிடத்துக்குத் தனிக் கடைகள் உண்டு, டாலர் வைத்திருந்தவர்களுக்கு ‘பெரியோஸ்கா’ உண்டு. அது எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் அதில் கோபமும் உண்டு.

புத்தகத்துக்கும் அந்த வரிசை. பழைய காகிதம் 20 கிலோ சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு சீட்டுத் தருவார்கள். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் அலெக்சாந்தர் தூமா போன்றோரின் தட்டுப்பாடான புத்தகங்களை வாங்கலாம். இதை முதலில் கேட்டபோது என்னால் நம்ப முடியவில்லை. மதுரையில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் போடும் கண்காட்சியில் கெட்டி அட்டை போட்ட சோவியத் புத்தகங்களைத் தமிழில், சில்லறைக் காசுக்கு அள்ளிக்கொண்டு வந்தவன் நான். மாஸ்கோவில் அச்சாகி எங்கள் ஊரில் குவிந்து கிடந்த தாளை, மாஸ்கோக்காரர்கள் பழைய பேப்பர் சுமந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் சொர்க்கமாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வரிசைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, கைப்பையில் சுருட்டி வைத்த நூல்வலைப் பையை விரித்துக்கொண்டு, எங்கே என்ன வந்திருக்கிறது என்று ஓடுவார்கள். 1989-ல் சோப்பே கிடைக்காமல் போனது. அந்த ஜூலையில் குஸ்பாஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டவற்றில் சோப்பும் ஒன்று. கரி பூசிய உடம்பைக் கழுவச் சோப்புக்குப் போராட வேண்டியிருந்தது. எங்களுக்கு ரஷ்ய மொழி கற்றுத்தந்த ஆசிரியை, 72 சதவீதம் என்று முத்திரை குத்திய பழுப்புச் சலவைக் கட்டியைக் கத்தியால் நாலாக நறுக்கி, ஒரு துண்டை எனக்குக் கொடுத்தார். துணிக்கும் அதுதான், தலைக்கும் அதுதான்.

1991 ஜூலையில் மதுரை திரும்பினேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ அம்மா சோப்பு வாங்கி வரச் சொன்னார்கள். தெருமுனை அண்ணாச்சி கடை. நான் பள்ளிக்கூடம் போன காலத்துக் கடைதான், அதே பெஞ்சுதான்.

“அண்ணாச்சி, ஒரு சோப்பு.”

“என்ன சோப்பு தம்பி?”

“குளிக்கிற சோப்பு.”

“அதான், எது? ஹமாம் இருக்கு, லக்ஸ், ரெக்சோனா, சிந்தால், மைசூர் சாண்டல், மெடிமிக்ஸ், லைஃப்பாய். சந்திரிகாவும் வந்திருக்கு. சின்னதா, பெருசா?”

இந்தப் பெயர்களில் பலவும் நான் போகும் முன்பே இருந்தவைதான். கடையில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. எனக்குத்தான் வாய் வரவில்லை. பின்னால் ஒரு சிறுமி ‘அண்ணாச்சி, ஷாம்பு ஒண்ணு’ என்று கையை நீட்ட, அவர் தலைக்கு மேல் சரம் சரமாகத் தொங்கிய பொட்டலங்களில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். நான் சரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சு படபடத்தது. அத்தனையையும் வாங்கி ஒரு பெட்டியில் அடைத்து அந்த ஆசிரியைக்கு அனுப்பிவிட வேண்டும் போல் இருந்தது. ஒன்றும் வாங்காமல் ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது.

தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க விளக்குத்தூண் பக்கம் போனது அதைவிடக் கஷ்டம். கடைக்காரர் விரித்த முதல் புடவையே, அரக்கில் சின்னக் கட்டம், அழகாக இருந்தது. “இதை எடுத்துக்கலாமே” என்றேன். “என்னண்ணே, இன்னும் ஒண்ணுகூடப் பாக்கலையே” என்று அவள் சிணுங்கினாள். மத்தியானம் வரை புடவைகள் விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும், விட்டுவந்த மயில்கழுத்து நிறத்தைப் பற்றியே பேசினாள். எனக்கு அதுதான் உறுத்தியது. அங்கே ஒரு கோட்டு கிடைத்துவிட்டால் வீடே கொண்டாடும், அக்கம்பக்கம் வந்து தொட்டுப் பார்க்கும், அத்தோடு அந்தப் பேச்சு முடியும். பிறகு சதுரங்கம், தியேட்டர், கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிய ஒரு கவிதை என்று இரவு நீளும். வாங்கி முடித்த பொருள் மனதை விட்டு இறங்குவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஊருக்கு வந்த பிறகே தெரிந்தது. தேடி அலைவது உடம்பை வருத்தியது. பொறுக்கி எடுப்பது உள்ளே உட்கார்ந்துகொண்டு எழுந்து போகவே மறுக்கிறது. இன்றும் பெரிய கடைகளின் எண்ணெய் வரிசை முன் நிற்கும்போது அந்த 1991 எனக்குள் வந்து நிற்கிறது.

ஆகஸ்ட் 19 அன்று மாஸ்கோ தெருக்களில் பீரங்கி வண்டிகள் இறங்கிய செய்தி வந்தது. அன்றிரவு பிபிசி தமிழோசைக்காக வானொலியைத் திருகிக்கொண்டே இருந்தேன். டிசம்பரில் நாடே இல்லாமல் போயிற்று. 1992 ஜனவரி 2 முதல் ரஷ்யாவில் பெரும்பாலான பொருள்களுக்கு விலைக்கட்டுப்பாடு நீங்கியது. கரண்டியில் வார்த்த விலைக்கு அன்றோடு பொருளில்லை. புக் ஹவுஸ் கண்காட்சிகளுக்கு மாஸ்கோவிலிருந்து தமிழ்ப் புத்தகம் வருவதும் நின்றது.

ஆசிரியைக்கு எழுதிய கடிதத்தில் அண்ணாச்சி கடையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அலமாரிகள் நிறைந்துவிட்டன, பெயர் தெரியாத வெளிநாட்டுச் சோப்புகள் வந்திருக்கின்றன, நீ எழுதியது போலவே நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். வாழ்நாள் சேமிப்பு வங்கியில் இருக்கிறது, அதை எடுத்தால் சில வாரச் சாப்பாட்டுக்குத்தான் வரும் என்றும் எழுதியிருந்தார். நான் விமானம் ஏறி வந்து பட்ட திகைப்பை அவர் தன் தெருவை விட்டு நகராமலே பட்டார், வெறுங்கையோடு. நான் இழந்தது இளமையில் சில வருடங்களின் சூழல். அவர் இழந்ததை அதன் பக்கத்தில் வைக்கவே முடியாது.

அங்கே போன ஒரு நண்பரிடம் சோப்பும் நீலகிரித் தேயிலையும் கொடுத்தனுப்பினேன். இருந்த பெயர்களிலெல்லாம் ஒவ்வொன்று வாங்கினேன், அண்ணாச்சி ஆச்சரியமாகப் பார்த்தார். பதில் கடிதத்தில் தேயிலைக்கு நன்றி சொல்லிவிட்டு, சோப்புகளைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டேன், இனி அனுப்பினால் ஒரே வகையாக அனுப்பு என்று எழுதியிருந்தார்.