அப்பாவின் கொப்பி

இரண்டாவது மகள் பிறந்ததும் எங்கள் சின்னக் கார் போதவில்லை. 198,000 கிலோமீட்டர் ஓடிய 2012 ஹோண்டா ஒடிசி வான் ஒன்றை வாங்கினேன். கழுவி மினுக்கியிருந்ததில் புதுசு மாதிரி இருந்தது. அப்பா சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்:

"டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கோ?"

"மாத்தினதெண்டு வித்தவர் சொன்னவர், அப்பா."

"பில் இல்லையெண்டா மாத்தேல்லையெண்டு நினை."

பொதுவாக 160,000 கிலோமீட்டரளவில் அதை மாற்ற வேண்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதும், எஞ்சினே போய்விடும். பின்சீட்டில் பிள்ளைகள் இருக்க, 401 நெடுஞ்சாலையில் அது நடந்தால்? கோடை விடுமுறைக்குச் சேர்த்த காசில் பெல்ட்டையும், அதோடு தண்ணீர்ப் பம்பையும் மாற்றினேன். கழற்றிய பெல்ட்டை மெக்கானிக் வளைத்துக் காட்டினார். முழுக்க வெடிப்பு.

வேலையில் "பதிவில் இல்லாதது நடக்கவே இல்லை" என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். டாக்ஸி ஓட்டிய காலத்தில் அப்பா ஒவ்வொரு ஒயில் மாற்றத்தையும் கொப்பியில் எழுதி வைத்ததைப் பார்த்துச் சிரித்தவனும் நான்தான்.

இப்போது வானிலும் ஒரு கொப்பி இருக்கிறது. திகதி, கிலோமீட்டர், டைமிங் பெல்ட்: முதல் வரி அப்பாவின் கையெழுத்து. அடுத்தது கியர் ஒயில். அதை நான் எழுத வேண்டும்.