அலமாரிக்கு வண்ணம்

வண்ணம் பூசுவது என்றால் டப்பாவின் மூடியைத் திறந்து, பிரஷ்ஷைத் தோய்த்து, மேலும் கீழும் இழுப்பது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகப் பெயிண்டர். அவரைக் கேட்டால், டப்பாவைத் திறக்கும் நேரத்தில் வேலையில் முக்கால் பங்கு முடிந்திருக்க வேண்டும் என்பார். "மீதிக் கால் பங்குக்குத்தான் கூலி குடுக்கறதா வீட்டுக்காரங்க நெனச்சுக்கறாங்க" என்றும் சேர்த்துக்கொள்வார்.

ஊரார் வீட்டுச் சமையலறைகளைப் பளபளக்கச் செய்தவர் வீட்டுச் சமையலறை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கார்த்திகை பாதியிலிருந்து போகிவரை எல்லார் வீட்டுக்கும் பெயிண்டர் வேண்டும். பொங்கலன்று அப்பா பானை பொங்குவதைக்கூடப் பார்க்காமல் தூங்குவார். மாசி பிறந்தால் வேலை மெலிந்துவிடும். வேலை இருக்கும்போது நேரம் இல்லை; நேரம் இருக்கும்போது பெயிண்ட் வாங்கப் பணம் இல்லை. இப்படியே எங்கள் வீட்டு அலமாரி பல பொங்கல்களைக் கடந்துவிட்டது.

அந்த அலமாரி நாங்கள் செய்வித்தது அன்று. நான் பிறப்பதற்கு முன், அப்பா வேலை பார்த்த ஒரு வீட்டில் சமையலறையைப் புதுப்பித்தபோது, பழசு என்று கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தார். நல்ல தேக்கு. நான்கு கதவுகள். வந்தபோது மஞ்சளாக இருந்ததாம். வேலையில் மிஞ்சிய பச்சையை அதன்மேல் அடித்தார். அக்கா திருமணத்துக்கு முதல் நாள் மாலை, பந்தல்காரர்கள் வாசலில் கம்பு நட்டுக்கொண்டிருக்கும்போது, பச்சையின்மேல் பழுப்பை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் பூசிய வண்ணம் எத்தனை நாள் நிற்கும்? மூன்றாம் மாதமே கைப்பிடியைச் சுற்றிச் செதில் செதிலாக உரிந்தது. அடுப்புக்கு மேலிருந்த கதவு, மழையில் நனைந்த நாட்காட்டி போலச் சுருண்டுகொண்டது.

இந்த ஆண்டு மாசியில் அக்காவுக்கு ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குத்தான் அழைத்து வரவேண்டும். அதற்குள் அலமாரியைச் சரிசெய்துவிட வேண்டும் என்றார் அம்மா. அப்பாவும் ஒப்புக்கொண்டு, மரம் தெரியும் வரைக்கும் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்போம் என்று 80 நம்பர் உப்புத்தாள் பத்து வாங்கி வந்துவிட்டார்.

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த படிப்பு வீட்டில் எதற்கேனும் பயன்படுமா என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்புவதே என் வழக்கம். ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய எண்ணெய் வண்ணங்களில் மஞ்சள் நிறத்துக்குக் காரீயக் குரோமேட்டையும், வெள்ளைக்குக் காரீயக் கார்பனேட்டையும் சேர்ப்பதுண்டு. வண்ணம் விரைவில் உலரவும் காரீய உப்புகளைச் சேர்ப்பார்கள்.

உரிந்த கதவின் ஓரத்தில் பிளேடால் சாய்வாக ஒரு கீறல் போட்டேன். மேலே பழுப்பு, நடுவில் பச்சை, அடியில் மஞ்சள் என்று மூன்று கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. அந்தச் சில்லைத் தாளில் மடித்துக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் பேராசிரியர் அனுமதி தர, ஆய்வகத்தில் சோடியம் சல்பைடு கரைசலில் ஒரு சொட்டை அதன்மேல் விட்டேன். பழுப்பு அப்படியே இருந்தது. பச்சையும் அப்படியே இருந்தது. மஞ்சள் கோடு மட்டும் சிறிது நேரத்தில் மை தடவியதுபோல் கறுத்துவிட்டது. காரீய சல்பைடு கறுப்பு என்பதைத் தேர்வுக்காக எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கதவில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. இது துல்லியமான சோதனை அன்று. எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. வேறு சில உலோகங்களும் கறுக்கும் என்று பேராசிரியர் எச்சரித்தார். "ஆனால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்" என்றார்.

வீட்டில் சொன்னதும் அம்மாதான் முதலில் கேட்டார். "ஈயச் சொம்புல ரசம் வெச்சுக் குடிச்சு வளந்தவங்கதான நாம? அதுக்கு என்ன ஆச்சு இப்ப?" நியாயமான கேள்விதான். ரசத்துக்கு மணம் தரும் சொம்பு வெள்ளீயம், இது காரீயம். பெயரில் உறவே தவிர, குணத்தில் இரண்டும் வேறு வேறு. காரீயம் உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கி ஆண்டுக் கணக்கில் இருக்கும். தாயின் குருதி வழியாகக் கருவிலுள்ள குழந்தையையும் எட்டும். குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கண்டறியப்படவில்லை. கதவில் உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் அது மாவாகிப் பறக்கும். அரிசிப் பானைக்கும் தரைக்கும் போகும். தவழும் பிள்ளையின் கைக்குப் போகும்.

அப்பா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "சுரண்டாம அடிச்சா எப்படிக் கண்ணு பிடிக்கும்?" என்றார்.

"மேல இருக்கற பழுப்பை மட்டும் தண்ணி வெச்சுத் தேய்க்கலாங்கப்பா. மஞ்சள் அடியிலயே கெடக்கட்டும்."

"அது சரி" என்றவர், சற்றுப் பொறுத்து, "அப்படின்னா நான் எத்தன வீட்டு மஞ்சளத் தேச்சிருப்பேன்?" என்று கேட்டுவிட்டு, தெருத் தெருவாகப் பெயர் சொல்லி விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு கை விரல்கள் முடிந்ததும் நிறுத்திக்கொண்டார். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு முப்பது ஆண்டு தேய்த்தவர் அவர். அந்தப் புழுதிச் சட்டையோடு வந்து உட்காரும் அவர் மடியில் ஏறித்தான் அக்காவும் நானும் வளர்ந்தோம். அந்தச் சட்டையை எங்கள் பாவாடைகளோடு சேர்த்துத்தான் அம்மா துவைத்தார்.

உலகத்துக்கு இது தெரியாத செய்தியும் அன்று. 1921ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, பெயிண்டர் வேலையில் காரீய வெள்ளையைக் கட்டுப்படுத்தத் தனி உடன்படிக்கை ஒன்றை இயற்றியது. அமெரிக்காவில் 1978இல் வீட்டு வண்ணங்களில் காரீயத்துக்குத் தடை வந்தது. நம் நாட்டில் 2016இல் விதி இயற்றி, 2017 நவம்பர் 1 முதல் வீட்டு வண்ணங்களில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். ஜெனீவாவுக்கும் நமக்கும் இடையில் 96 ஆண்டுகள்! அந்த ஆண்டுகளில் பூசப்பட்ட கதவுகளும் சன்னல்களும் இன்னும் நம் வீடுகளில்தாமே இருக்கின்றன? புதுச் சட்டம் புது டப்பாவுக்குத்தான். பழைய கதவைத் தேய்க்கிறவனுக்கு யார் வந்து சொன்னார்கள்?

வேலை மறுநாள் தொடங்கியது. அப்பாவுக்கு நானே கையாள். பெண் பிள்ளையை உப்புத்தாள் பிடிக்க வைத்துவிட்டாரே என்று எதிர்வீட்டுப் பெரியம்மா அங்கலாய்த்தார். "காலேஜுல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களாம்" என்று அப்பா கூசாமல் சொல்லிவிட்டார்.

கதவுகளைக் கீலோடு கழற்றி, எந்தக் கதவு எந்த இடத்துக்கு என்று உள்பக்கம் கரியால் எண் போட்டோம். திருகாணிகளை ஒரு டம்ளரில் போட்டு வைத்தோம். முதல் வேலை பிசுக்கு எடுப்பது. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துத் துணியால் துடைக்க, ஆண்டுக்கணக்கில் படிந்த தாளிப்பு எண்ணெய் பழுப்புக் குழம்பாக வந்தது. கொழுப்பு காரத்தோடு சேர்ந்தால் சோப்பாகும் என்பது பாடம். "சோடா போட்டா வழுக்கும், வழுக்கற வரைக்கும் பிசுக்கு இருக்குதுன்னு அர்த்தம்" என்பது அப்பாவின் பாடம். இரண்டும் ஒன்றுதானே! பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி நிழலில் உலர்த்தினோம். சோடா மிச்சமிருந்தால் அடுத்த வண்ணத்தையும் அது தின்றுவிடும்.

தேய்ப்பதைச் சமையலறையில் செய்யாமல் கொல்லையில், தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்துச் செய்தோம். வாங்கிய 80 நம்பர் தாளைக் கடையில் திருப்பிக் கொடுத்துத் தண்ணீர் உப்புத்தாளாக மாற்றி வந்தார். ஈரத்துணியால் நனைத்து, பழுப்பின் பளபளப்பு மங்கும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். பளபளப்பின்மேல் புது வண்ணம் பற்றாது. அதற்குச் சொரசொரப்பு வேண்டும். செதிலாய் நின்ற ஓரங்களை நனைத்து, பட்டித் தகட்டால் மெல்லத் தள்ளினோம். மரம் தெரிந்த இடத்தில் தண்ணீரை அதிகம் விட்டால் நார் எழும்பிவிடும் என்று அப்பா அடிக்கடி என் கையைத் தடுத்தார். வழித்த குழம்பை முருங்கை மரத்தடியில் கொட்டப் போனவரை நான் தடுத்தேன். அதைத் தாளில் ஒற்றி எடுத்துப் பையில் கட்டி வைத்தோம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவர் தேநீர் டம்ளரைத் தொட அம்மா விடவில்லை. இந்த ஒன்றில் அம்மா எங்கள் பேராசிரியரையும் மிஞ்சிவிட்டார்.

உலர்ந்தபின் மரம் தெரிந்த இடங்களுக்குப் பிரைமர். அதற்குப் பிறகுதான் பட்டி. அவசரக்காரர்கள் வெறும் மரத்திலேயே பட்டி வைத்துவிடுவார்கள். பட்டியிலுள்ள எண்ணெயை மரம் குடித்துவிட, பட்டி பொடியாய் உதிரும். அப்பா கடைப் பட்டி வாங்குவதில்லை. சாக்குப் பொடியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குத் தானே பிசைவார். பள்ளத்தை ஒரே தடவையில் நிரப்பினால் காயும்போது சுருங்கிக் குழி விழும் என்று இரண்டு தடவையாக மெல்லியதாக இழுத்தார். அது காய்ந்ததும் கதவு முழுவதற்கும் பிரைமர். அதன்மேல் நைசான உப்புத்தாள். இது புதுப் பிரைமர் என்பதால் உலர்வாகவே தேய்த்தோம். ஆனாலும் அடிப்பூச்சு தெரியுமளவு அழுத்தவில்லை. அப்பா இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கதவின்மேல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். பகலில் கண்ணாடிபோல் தெரிந்த கதவில் மேடும் பள்ளமும் நிழலாய் எழுந்தன! மறுபடியும் பட்டி, மறுபடியும் தேய்ப்பு. ஐந்து நாள் ஆகியும் எங்கள் எனாமல் டப்பா மூடியபடியே இருந்தது. அக்கா தொலைபேசியில், "என்னடி, இன்னுமா?" என்று சிரித்தாள்.

நிறத்தில்தான் சண்டை. அழுக்குத் தெரியாத நிறமாகக் கேட்டார் அம்மா. "தெரிஞ்சாத்தான தொடைப்பே?" என்று அப்பா வெளிர் க்ரீமை வாங்கிவிட்டார். காரீயம் 90 பங்குக்கு மேல் இல்லை என்று டப்பாவில் அச்சிட்டிருந்ததை நான் படித்துக் காட்டிய பிறகே காசு கொடுத்தார்.

பூச்சு அன்று தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினோம். கதவுகளைச் செங்கல்மேல் படுக்கவைத்தோம். நிறுத்தி அடித்தால் வண்ணம் கண்ணீர்போல் வழியும். எனாமலைப் பழைய நைலான் துணியில் வடிகட்டினோம். புது பிரஷ் முடி உதிர்க்கும் என்று அதைப் பிரைமரோடு நிறுத்திவிட்டு, கடைசிப் பூச்சுக்குத் தன் பழைய பிரஷ்ஷை எடுத்தார். முடி தேய்ந்து பாதியான பிரஷ் அது. மூன்றில் ஒரு பங்குதான் தோய்க்க வேண்டும். முதலில் ஓரங்கள், பின்பு நடு. கடைசியில் நுனி மட்டும் பட, மர நாரின் போக்கில் ஒரே இழுப்பு. அதன்பின் கை வைக்கக்கூடாது. குறை தெரிந்தாலும் அடுத்த பூச்சில்தான் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பவன்தான் வேலையைக் கெடுப்பான் என்பது அவர் கட்சி.

எண்ணெய் வண்ணம் துணி காய்வதுபோல் காய்வதில்லை. டர்பன்டைன் ஆவியாகிப் போய்விடும். ஆனால் மிஞ்சும் எண்ணெய்ப் பொருள் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, சங்கிலி சங்கிலியாகப் பிணைந்து இறுகும். மேற்புறம் முதலில் இறுகுவதால், அடி வெந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் தோல் சுருங்கும். அப்பாவுக்கு ஆக்சிஜன் தெரியாது. "காத்தோட்டம் இருந்தாத்தான் கெட்டியாகும், மூடுன ரூமுல ஒட்டிக்கிட்டேதான் கெடக்கும்" என்றார். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் கொடியில் விரித்துக் காயப்போட்டார். ஆக்சிஜனை வாங்கும்போது பிறக்கும் வெப்பம் சுருணைக்குள் தேங்கினால் தீப்பிடிக்கும் என்பதை நான் நூலில் படித்தேன். அவருக்கு அதை அவருடைய முதல் மேஸ்திரி கற்றுக்கொடுத்தாராம்.

இரண்டு பூச்சுக்கும் நடுவே ஒரு முழு நாள். மாட்டியபின் ஒரு வாரம் ஒரு பாத்திரமும் உள்ளே போகவில்லை. அக்கா வருவதற்கு மூன்று வாரம் முன்பே வாடை அடங்கிவிட்டது. வந்தவள் கதவைத் தடவிப் பார்த்து, கடையில் வாங்கியதா என்றாள். அப்பா பதில் சொல்லாமல் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

குருதியில் காரீயம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்று அப்பாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "கொழந்த பொறக்கட்டும், பாக்கலாம்" என்கிறார். நானும் விடுவதாக இல்லை. ஆனால் இப்போது வேலையிலிருந்து வந்தால் கொல்லையிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். பழைய வீட்டு வேலை என்றால், கதவு ஓரத்தில் பட்டித் தகட்டின் மூலையால் சாய்வாக ஒரு கீறல் போட்டுப் பார்க்கிறாராம். அடியில் மஞ்சளோ பழைய வெள்ளையோ தெரிந்தால், வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்கிறாராம்.