பிடியரிசி

எங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு வலப்பக்க மூலையில், ஒரு சிறிய மண்பானை இருந்தது. அதன் வாயைப் பனையோலை மூடி ஒன்று மூடியிருக்கும். உள்ளே அரிசி இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து ஒரு மணிகூட எங்கள் உலையில் விழாது என்பதும் தெரியும்.

மத்தியானச் சோற்றுக்கு அம்மம்மாதான் அரிசி அளப்பார். சாக்கிலிருந்து சுண்டால் அளந்து சுளகில் கொட்டுவார். ஐந்து பேருக்கு இரண்டரைச் சுண்டு. கல்லும் நெல்லும் பார்த்துப் புடைத்து முடிந்ததும் வலக்கையைச் சுளகில் விட்டு ஒரு பிடி எடுப்பார். கண்ணை மூடுவார். உதடு இரண்டு தரம் அசையும். பிறகு ஓலை மூடியைத் தள்ளிவிட்டுப் பிடியைப் பானைக்குள் விடுவார். அந்தச் சரசரப்புக் கேட்ட பிறகுதான் மிச்ச அரிசி கழுவப்படும்.

"ஏன் அம்மம்மா, சாக்கிலயிருந்து எடுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாக்கிலயிருந்து எடுத்தா சாக்குக்குத்தான் குறையும். அளந்ததிலயிருந்து எடுத்தாத்தான் எங்களுக்குக் குறையும், தம்பி."

அப்போது எனக்கு ஏழு வயது. அந்தப் பதிலின் பாதிதான் விளங்கியது.

மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார் கோவில் மணி கேட்கும் தூரத்தில் எங்கள் வளவு. நாங்கள் அமெரிக்க மிசன் சபையைச் சேர்ந்தவர்கள். 1947-இல் அது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாகி, குலேந்திரன் ஐயா முதற் பேராயரான பிறகும், அம்மம்மாவின் வாயில் அது கடைசிவரை 'மிசன் கோயில்'தான். 1816-இல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வந்து குடியேறிய அந்த மிசனரிமார் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், 1841-இல் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கினார்கள். கிறீன் வைத்தியர் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். இவையெல்லாம் புத்தகங்களில் வந்துவிட்டன. அந்த மிசன் ஊர்களின் பெண்கள் தங்கள் குசினிகளில் தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்த பிடியரிசிக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. அம்மம்மா அந்தப் பழக்கத்தைத் தன் அம்மம்மாவிடம் கற்றார். அந்த மூதாட்டி 1824-இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலையின் விடுதியில் எலைசா அக்னியூ அம்மையாரிடம் படித்தவர். 1840-இல் உடுவிலுக்கு வந்து நாற்பது வருடமளவில் அங்கேயே இருந்து, தாய், மகள், பேத்தி என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குப் படிப்பித்தவர் அந்த அம்மையார்.

எங்கள் வீட்டின் நாள் மணிக்கூட்டில் தொடங்குவதில்லை. மருதடியில் விடியற்பூசைக்கு மணி அடிக்கும், அம்மம்மா எழும்புவார். பிள்ளையாரின் மணிக்கு எழும்பி வேதப்புத்தகம் விரிப்பதில் அவருக்கு ஒரு முரணும் தெரியவில்லை. "ஆரோ ஒராள் எங்களுக்கும் சேர்த்து எழும்பி மணி அடிக்கிறார்" என்பார். நாங்கள் முகம் கழுவி, முற்றம் கூட்டி, ஒரு அதிகாரம் வாசித்த பிறகுதான் தேத்தண்ணீர். கிணற்றடியில் நின்ற தென்னைகளில் ஒன்று 'கோயில் தென்னை'. அதன் காய் விற்ற காசு சபைக்கு. அக்காவும் நானும் எத்தனை தாகத்திலும் அந்த மரத்து இளநீரைக் கேட்டதில்லை. சனிக்கிழமை பின்னேரமே ஞாயிறுக்கான விறகு கொத்தி அடுக்கிவிட வேண்டும், தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிவிட வேண்டும், கோயில் உடுப்பு வெளுத்துக் காய்ந்திருக்க வேண்டும். ஞாயிறு காலையில் அம்மம்மா பானையைச் சுளகில் கவிழ்த்து, பிடியரிசியைத் துணிப்பையில் கட்டி என் தோளில் போடுவார். கோயிலில் அது மற்ற வீடுகளின் பைகளோடு சேரும். சிலருடையது சிவப்புப் பச்சை, சிலருடையது சம்பா, சிலருடையது சங்கக்கடை அரிசி. எல்லாம் ஒரே பெட்டியில் கலந்துவிடும்.

1990 ஆனியில் சண்டை மீண்டும் தொடங்கியது. மின்சாரம் போனது, நான் வளர்ந்து முடியும்வரை திரும்பி வரவில்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, நெருப்புப்பெட்டி எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரியைக் கம்பியில் நிறுத்தி எரிக்கும் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு இரவுக்குச் சில துளி. அந்தத் துளிகளை வைத்து அக்கா படிக்கவேண்டும், அம்மா சமைக்கவேண்டும், நாங்கள் சாயங்கால செபம் செய்யவேண்டும்.

செபம் நடுவறையில் பாய் விரித்து. கீர்த்தனை, வேதவாசிப்பு, பிறகு முழங்காலில் நின்று ஒவ்வொருவராக. வாசிப்பு முடிந்ததும் அம்மம்மா விளக்கை ஊதி அணைத்துவிடுவார். "கண்ணை மூடிச் செபிக்கிறதுக்கு என்னத்துக்கு விளக்கு?"

கொஞ்ச நாளில் வாசிப்புக்கும் வெளிச்சம் காணாமல் போயிற்று. அதற்கும் அவர் வழி கண்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வெயில் இருக்கும்போதே, அக்காவும் நானும் விறாந்தையில் இருந்து ஒரு சங்கீதத்தை மனனம் செய்யவேண்டும். இரவில் அதை இருட்டில் சொல்லவேண்டும். இருபத்து மூன்றாம் சங்கீதத்துக்கு இரண்டு நாள். தொண்ணூற்றொன்றுக்கு ஒரு கிழமை. ஹெலியின் சத்தம் தூரத்தில் கேட்கும்போது என் குரல் நடுங்கி வசனம் தவறும். தவறிய இடத்தில் அம்மம்மாவின் குரல் இருட்டுக்குள்ளிருந்து மெல்ல வந்து பிடித்துக்கொள்ளும். பொம்மர் வந்தால் பங்கருக்குள் இறங்கி, விட்ட வசனத்திலிருந்து தொடர்வோம்.

செபத்தில் பெயர் சொல்லவேண்டும் என்பது இன்னொரு ஒழுங்கு. 'எல்லாரையும் காப்பாற்றும்' என்று ஒரே மூச்சில் முடிக்க விடமாட்டார். கிளாலியால் வள்ளத்தில் போன மாமா, காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டு ஆச்சி, லண்டனிலிருந்து கடிதம் வராத சித்தப்பா என்று ஒவ்வொருவராக. அப்பா சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் தமிழோசை கேட்பதும் அதற்குப் பிறகுதான். "செய்தியைக் கேட்டுப்போட்டு முழங்காலில நிண்டா, எங்கட பயம்தான் செபிக்கும்" என்று அம்மம்மா சொல்வார்.

அரிசி குறைந்துகொண்டே வந்தது. இரண்டரைச் சுண்டு இரண்டாகி, ஒன்றரையாகி, இரவுச் சாப்பாடு கஞ்சியாயிற்று. ஒருநாள் அம்மம்மா சுளகில் கை வைத்தபோது அம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"அம்மா, பிள்ளையளுக்கே காணாது. கர்த்தர் கோவிக்கமாட்டார். கொஞ்ச நாளைக்கு விடுங்கோ."

குசினியில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா அப்படிப் பேசியதை நான் கேட்டதே இல்லை. அவர் கண் நிறைந்திருந்தது. அம்மம்மா கோபப்படவில்லை, வசனம் சொல்லவில்லை. மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"நீ சொல்றது சரி பிள்ளை. என்ர கை பெரிசு. இனி இவன்ர கையால எடுப்பம்."

எட்டு வயதுக் கையில் எத்தனை மணி அரிசி நிற்கும்? முதல்நாள் பாதி விரலிடுக்கால் சுளகிலேயே ஒழுகிவிட்டது. எஞ்சியதைப் பானைக்குள் விட்டேன். "உதட்டால ஏதும் சொல்லவேணுமோ?" என்று கேட்டேன். "உனக்கு வாறதைச் சொல்லு" என்றார். எனக்கு வந்தது 'நன்றி' ஒன்றுதான். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையதாயிற்று. பள்ளிக்கூடம் போகுமுன் அளந்து எடுத்துவைத்துவிட்டுப் போவேன். என் தட்டில் விழவேண்டிய அரிசி அது என்பது ஒவ்வொரு நாளும் என் வயிற்றுக்குத் தெரிந்தது. 'எங்களுக்குக் குறையும்' என்று அவர் சொன்னதன் மற்றப் பாதி அப்போது விளங்கியது. பசியில் கொடுப்பது பெருமையாக இருக்கவில்லை. ஆனால் பானையில் அரிசி விழும் சத்தம் கேட்டால், இந்த வீட்டில் இன்னும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று ஒரு தைரியம் வரும்.

1995 ஆடி 9, ஞாயிற்றுக்கிழமை. வலிகாமத்தின் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் இடம்பெயர்ந்த சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதைச் சுற்றியும் தங்கியிருந்தது. அங்கே விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நவாலி எங்களுக்கு அயலூர். எங்கள் ஓடுகள் அதிர்ந்தன. அப்பா ஓடிப்போய் இருட்டிய பிறகு திரும்பி வந்தார், கிணற்றடியில் வெகுநேரம் குளித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவும் பாய் விரிக்கப்பட்டது. கீர்த்தனை எடுக்க ஒருவருக்கும் குரல் வரவில்லை. அம்மம்மா முழங்காலில் நின்றார், நாங்களும் நின்றோம். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியே எவ்வளவு நேரமோ. கடைசியில் 'ஆமென்' என்றார். நாங்களும் 'ஆமென்' என்றோம். என் வாழ்நாளில் நான் நின்ற செபங்களில் மிகப் பெரியது அதுதான். சொல் வராத இரவிலும் முழங்காலுக்குப் போக ஒரு இடம் தெரிந்திருந்தது. அந்த இடத்தை அவர் அத்தனை வருட இரவுகளில் எங்களுக்குக் காட்டி வைத்திருந்தார்.

அந்த ஐப்பசி 30-இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. அப்பாவின் சைக்கிள் கரியரில் எண்பது வயது அம்மம்மா. மடியில் வேதப்புத்தகமும் துணிப்பையில் பிடியரிசியும். மழை. செம்மணி வெளியில் சனம் அடிக்கு அடி நின்று நகர்ந்தது. விடியும் நேரத்தில் நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், கைக்குழந்தையோடு ஒரு தாய் வீதியோரம் குந்தியிருந்தாள். கையில் ஒரு பையும் இல்லை. அம்மம்மா சைக்கிளை நிறுத்தச் சொன்னார். துணிப்பையை அப்படியே அவள் மடியில் வைத்தார்.

"அது கோயில் அரிசியெல்லே அம்மம்மா?" என்றேன்.

"ஓம். கோயில் இண்டைக்கு ரோட்டில நிக்குது."

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஏழு குடும்பங்களோடு இருந்தோம். அங்கும் நிவாரண அரிசியில் ஒரு பிடி எடுத்தேன். அதைப் பக்கத்துக் குடும்பத்தின் கஞ்சிப் பானையில் போடச் சொன்னார். பதின்மூன்று வயதில் என் கை அவருடைய கையைவிடப் பெரிதாகியிருந்தது. தை மாதத்தில் அம்மம்மா போய்விட்டார். கொடிகாமத்தில் அடக்கம் செய்தோம். கடைசி இரவில் அக்காவும் நானும் மாறி மாறிச் சங்கீதம் சொன்னோம். தவறிய இடத்தில் பிடித்துக்கொள்ளும் குரல் வரவில்லை. நாங்கள் தவறவுமில்லை.

1996 சித்திரைக்குப் பிறகு வீடு திரும்பினோம். கதவில்லை, பாதிக் கூரையில்லை. குசினி மூலையில் மண்பானை துண்டு துண்டாகக் கிடந்தது. முதல் உலைக்கு அம்மா அரிசி அளந்தார். சுளகில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். எடுத்த பிடியோடு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு புகை பிடித்துக் கறுத்துக் கிடந்த ஜாம் போத்தல் ஒன்றைத் தேடி எடுத்து, சாம்பலால் விளக்கி, வெயிலில் காயவைத்து, அதற்குள் விட்டார். முன்னொரு நாள் அம்மம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தியவர் அவர்.

அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மறதி கூடி வருகிறது. என்னை அப்பா என்று நினைத்துப் பேசுகிறார். அக்காவின் பெயர் சில நாட்களில் வருவதில்லை. அடுப்படிக்கு விடுவதில்லை என்றாலும், சோற்றுக்கு அரிசி அளக்கும் நேரத்தில் சுளகை அவர் மடியில் வைப்போம். கல் பார்ப்பார். பார்த்து முடிந்ததும் அந்த மெலிந்த கை, ஒருவரும் சொல்லாமலே, அரிசிக்குள் இறங்கும். ஒரு பிடி எடுக்கும். கண் மூடும். உதடு இரண்டு தரம் அசையும்.

நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருப்பேன்.